இறைச்சித் தட்டுக்கு ஆயிரத்து முந்நூற்றாறு பேக்கேஜ்

நோலீன் ஹாகர்ட் தன் ஐம்பத்தெட்டாவது வயதில் கம்ப்யூட்டர் மொழி படிக்கப் போனதற்குக் காரணம் ஓர் ஆட்டுத் தொடை.

டாஸ்மேனியத் தீவின் சிற்றூரான வின்யார்டில், அவள் உறுப்பினராக இருந்த, புல்தரையில் பந்து உருட்டி ஆடும் பௌல்ஸ் கிளப்பில் வெள்ளிக்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்கு இறைச்சித் தட்டுக் குலுக்கல் நடக்கும். பீர் ஊற்றும் கவுன்ட்டரிலேயே சீட்டும் விற்பார்கள். விற்ற சீட்டுகளின் பெயர் எழுதிய மறுபாதியை ஓர் ஐஸ்கிரீம் வாளியில் போட்டு, அதிலிருந்து ஒன்றை எடுப்பார்கள். எடுத்த பெயருக்கு ஒரு தட்டு நிறைய சாப்ஸும் சாசேஜும் கிடைக்கும், நல்ல வாரமாக இருந்தால் ஒரு தொடையும் சேரும். பத்தொன்பது வருஷமாக வாளிக்குள் கைவிட்டவள் நோலீன்தான். பகலில் அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். ஊரில் பாதிப் பேர் சிறுவயதில் அவளிடம் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள் என்பதால் அவள் கையை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

வினை கெல்வின் ரூபத்தில் வந்தது. கெல்வின் அவள் கணவரின் தம்பி. ஜூலை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தட்டு அவனுக்கு விழுந்தது. அடுத்த வெள்ளியும் அவனுக்கே. மூன்றாவது வெள்ளி சீட்டைப் பிரித்துப் பெயரைப் பார்த்தபோது நோலீனுக்கே குரல் இறங்கிவிட்டது.

கிளப் தலைவர் கிரேம் டாப்ஸன் எழுந்து நின்றார். ஊரில் இருக்கும் ஒரே இறைச்சிக் கடை அவருடையது. தட்டு அவர் கடையிலிருந்துதான் இனாமாக வருகிறது. அவருக்கும் கெல்வினுக்கும் ஒரு கிறிஸ்துமஸ் பன்றித் தொடையின் எடை விஷயமாகத் தகராறு வந்து, பதினொரு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. கெல்வின் அன்று முதல் அந்தக் கடை வாசலை மிதித்ததில்லை. சூப்பர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் போர்த்தி விற்பதை இறைச்சி என்று ஒப்புக்கொள்கிறவனும் இல்லை.

"நான் யாரையும் குத்தம் சொல்லல, நோலீன்," என்றார் கிரேம். "ஆனா கைன்னா கைதான். கம்ப்யூட்டர்னா அதுக்குக் கொழுந்தன் கிடையாது."

கிளப் ஒரு தீர்மானம் போட்டது. ஆகஸ்ட் கடைசி வெள்ளிக்குள் குலுக்கல் கம்ப்யூட்டருக்கு மாற வேண்டும், அதன் உள்ளே என்ன நடக்கிறது என்பதை எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். இல்லையென்றால் நோலீன் விலகிக்கொள்வாள், வாளியை கிரேமே எடுத்துக்கொள்வார். யாரும் அவளைத் திருடி என்று சொல்லவில்லை. எல்லோரும் தங்கள் பீரைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்து காரில் உட்கார்ந்து அவள் அழுதாள். பத்தொன்பது வருஷம் ஊருக்குச் சாசேஜ் எடுத்துக் கொடுத்ததற்கு இதுதானா கூலி என்று ஸ்டியரிங்கைக் கேட்டாள்.

ஊர் நூலகத்தில் திங்கட்கிழமைகளில் குவோல் என்ற புது மொழியை இலவசமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். குவோல் என்பது டாஸ்மேனியக் காட்டில் திரியும் புள்ளி போட்ட ஒரு பிராணி. மொழியை உருவாக்கிய குவோல் அறக்கட்டளை அதே தீவின் லான்செஸ்டன் நகரத்தில் இருந்தபடியால் அந்தப் பெயர். நூலகர் டாம்ஸின் முதல் வகுப்பில் அறக்கட்டளையின் பெருமையை எடுத்துச் சொன்னாள். மற்ற மொழிகளில் ஆளாளுக்கு எல்லாவற்றையும் எழுதி வீணாகிறார்கள். குவோலில் அப்படி இல்லை. ஒருவர் ஒரு வேலைக்கு எழுதியதைப் பேக்கேஜாகக் கட்டிப் பொதுவில் வைத்துவிட்டால், உலகத்தில் வேறு யாரும் அந்த வேலைக்கு மறுபடி எழுதக் கூடாது, அதையே வாங்கிப் பயன்படுத்த வேண்டும். இது அறக்கட்டளையின் விதி நான்கு. விதி ஒன்று முதல் மூன்று வரை என்ன என்று ஒருவர் கேட்டார். அவை வேறு விதிகளை நம்பி எழுதப்பட்டவை என்றும், அந்த விதிகள் இன்னும் வந்து சேரவில்லை என்றும் டாம்ஸின் சொன்னாள்.

முதல் பாடத்தின் முடிவில் ஒவ்வொரு மாணவரும் ஒரு பேக்கேஜ் வெளியிட்டே ஆகவேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் பாடம் திறக்காது. தலைக்கு இத்தனை பேக்கேஜ் என்று அறக்கட்டளை வருஷ அறிக்கையில் படம் போட்டுக் காட்டுவது இந்த வகையில்தான். நோலீன் ஒரு மணிநேரம் யோசித்து ஒரே ஒரு வரி எழுதினாள். யார் எதைக் கேட்டாலும் அது 'கவலையில்லை' என்று பதில் சொல்லும். அவ்வளவுதான். அந்தத் தீவில் யார் எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறார்கள் என்பதால் அவளுக்கு வேறொன்றும் தோன்றவில்லை. பேக்கேஜுக்கும் அதே பெயரை வைத்து வெளியிட்டாள். டாம்ஸின் கைதட்டினாள். நோலீன் வீட்டுக்குப் போய் அதை மறந்தே போனாள்.

இரண்டாம் வகுப்பில், பெயர்ப் பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுக்க வேண்டும், எப்படி எழுதுவது என்று கேட்டாள்.

"எழுதறதா?" டாம்ஸின் குரலைத் தாழ்த்தினாள். "குலுக்கல்னு ஒரு பேக்கேஜ் இருக்கு. அத இன்ஸ்டால் பண்ணுங்க, போதும்."

"நாலு வரி வேலதானே, நானே எழுதிக்கறேனே."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. சிமென்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் நாற்காலியைச் சற்று விலக்கிப் போட்டுக்கொண்டார். நோலீன் வேறு வழியில்லாமல் குலுக்கலை இன்ஸ்டால் செய்தாள்.

குலுக்கல் தனியாக வர மறுத்தது. அதற்குப் பீப்பாய் என்ற பேக்கேஜ் வேண்டுமாம்; திரையில் பீப்பாய் உருளும் படம் காட்டுவதற்கு. பீப்பாய்க்கு நிழல் வேண்டியிருந்தது. நிழல் எந்தப் பக்கம் விழும் என்று தெரிய சூரியன் தேவைப்பட்டது. சூரியனுக்குத் தேதி தெரிய வேண்டும். தேதி கணக்கிடும் வித்தையை குவீன்ஸ்லாந்தின் கெய்ர்ன்ஸில் ஒரு நீச்சல்குளக் காவலாளி ஏற்கெனவே குளோரின் போடும் நாட்களுக்காக எழுதிவிட்டிருந்தார். விதி நான்கின்படி வேறு யாரும் எழுத முடியாது. ஆகவே நீச்சல்குளம் முழுவதுமாக வந்து இறங்கியது. கெய்ர்ன்ஸ் குளங்களில் தவளை விழும் என்பதால் கூடவே தவளை என்ற பேக்கேஜும் வந்தது. தவளைக்கு மழை வேண்டியிருந்தது. மழைக்கு என்னென்ன தேவைப்பட்டன என்பதை நோலீன் படிக்கவில்லை, பஸ் எடுக்க நேரமாகிவிட்டது. அவள் லேப்டாப் இரண்டு நாள் மூச்சு வாங்கியபடி இறக்கிக்கொண்டே இருந்தது. அதன் சூட்டில் பூனை வந்து படுத்துக்கொண்டது. மொத்தம் ஆயிரத்து முந்நூற்றாறு பேக்கேஜ். டாஸ்மேனியாவில் ஒரு தட்டு சாப்ஸைக் குலுக்கிப் போட, குவீன்ஸ்லாந்தில் அன்று காலை குளத்தில் மூன்று தவளை கிடந்தன என்பதை அவள் லேப்டாப் தெரிந்துவைத்திருந்தது.

ஆனால் ஓடவில்லை. பீப்பாய்க்கு நிழலின் நான்காம் வெர்ஷன்தான் ஆகும், ஐந்து ஆகாது. சூரியனோ ஐந்தாம் வெர்ஷனோடு மட்டும்தான் பேசும், நான்கை ஏறெடுத்தும் பார்க்காது. கிரேமும் கெல்வினும் ஒரே மேஜையில் உட்கார்ந்த கதை. நோலீன் நிழலை எழுதியவருக்குக் கடிதம் போட்டாள். அவர் நியூஸிலாந்தில் ஹோக்கிடிகா பக்கம் ஆடு வளர்ப்பவர். ஆறு நாள் கழித்துப் பதில் வந்தது. நான்குக்கும் ஐந்துக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை, ஐந்தை வெளியிட்ட அன்று தனக்குப் பிறந்தநாள், அவ்வளவுதான் என்று எழுதியிருந்தார். பீப்பாய்க்காரருக்கு எழுதினாள். தன்னைக் கலந்துகொள்ளாமல் ஐந்துக்குப் போனது தன் மனதைப் புண்படுத்திவிட்டது என்றும், அதைப் பற்றிப் பேச இன்னும் தயாராகவில்லை என்றும் அவர் எழுதினார்.

கடைசியில் அறக்கட்டளையின் உதவி எண்ணைக் கூப்பிட்டாள். இது சர்வ சாதாரணம், இரண்டு லேப்டாப் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் நான்கு, இன்னொன்றில் ஐந்து, இரண்டையும் ஒன்றையொன்று பார்க்காதபடி முதுகோடு முதுகு சேர்த்து வையுங்கள் என்றார்கள். டாம்ஸின் நூலக லேப்டாப் ஒன்றைக் கொடுத்து உதவினாள். முதுகோடு முதுகு வைத்ததும் நிஜமாகவே பீப்பாய் உருண்டது. நிழலும் சரியான பக்கம் விழுந்தது. நோலீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் திரை முழுக்கச் சிவப்பாக ஒரு செய்தி வந்தது: உங்கள் புரோகிராம் நம்பியிருக்கும் பேக்கேஜ்களில் ஒன்று தகுதியற்ற நபரால் எழுதப்பட்டது, அதை ஓட்ட அனுமதி கேட்கும் விண்ணப்பத்தோடு வியாழக்கிழமை விசாரணைக்கு நேரில் வரவும்.

அதற்கு மறுநாள் வெள்ளி. ஆகஸ்ட் கடைசி வெள்ளி.

பஸ்ஸுக்கு மாற்று ஆளைப் போட்டுவிட்டு, வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஸுக்கீனிக் காயையும் முட்டையையும் கலந்து ஸுக்கீனி ஸ்லைஸ் ஒரு தட்டு சுட்டு எடுத்துக்கொண்டு, இரண்டு மணிநேரம் கார் ஓட்டி லான்செஸ்டன் போனாள். அறக்கட்டளை ஒரு பழைய கம்பளிக் கிடங்கின் மாடியில், ஒரு பல் டாக்டருக்கு மேலே இருந்தது. எந்தப் பேக்கேஜ் எதை நம்பியிருக்கிறது என்று கவனிக்கும் சார்புக் குழுவின் தலைவர் டாக்டர் பென்ஹாலோவும், பாதுகாப்பு அதிகாரி ப்ரான்வின் டெய்ட்டும் அவளை வரவேற்று, முதலில் டீ என்றார்கள். அந்த அலுவலகத்தில் கெட்டில் கிடையாது. வெந்நீர் கீழே பல் டாக்டரிடமிருந்து வரவேண்டும், கோப்பை எதிர்க் கட்டடத்து வக்கீலிடமிருந்து வரவேண்டும், பால் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவர் லீவில் இருந்தார். முக்கால் மணிநேரம் டீ வரும் என்று உட்கார்ந்திருந்தார்கள். நோலீனின் ஸ்லைஸை எல்லோரும் ஆசையாகப் பார்த்தார்கள். கத்தியும் பல் டாக்டரிடம்தான் இருந்தது, அவர் அதை வேறு வேலைக்கு உபயோகித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் பென்ஹாலோ தொண்டையைச் செருமிக்கொண்டு தொடக்க உரை ஆற்றினார்.

"மிஸஸ் ஹாகர்ட், இந்த ஆபீஸ்ல பதினாலு பேர் இருக்கோம். ஒருத்தரும் இதுவரைக்கும் ஒரு வேலையும் தானா செஞ்சதில்ல. வெளில இத சோம்பேறித்தனம்னு பேசறாங்க. இல்ல, இதுக்குப் பேரு நம்பிக்கை. நான் ப்ரான்வினை நம்பறேன். ப்ரான்வின் ஒருத்தர நம்பறாங்க. அவர் இன்னொருத்தர நம்பறார். கடைசில யார் இருக்காங்கன்னு நாங்க போய்ப் பாக்கறதே இல்ல. போய்ப் பாத்துட்டா அப்புறம் அது என்ன நம்பிக்கை?"

ப்ரான்வின் உணர்ச்சிவசப்பட்டுத் தலையாட்டினாள். பிறகு ஃபைலைப் பிரித்து, தகுதியற்ற பேக்கேஜின் பெயரை வாசித்தாள்: கவலையில்லை. எழுதியவர் என். ஹாகர்ட், வின்யார்ட். கல்வித் தகுதி, ஒரு பாடம்.

"அது நான் எழுதினதுங்க," என்றாள் நோலீன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விண்ணப்பதாரர் வேறு, பேக்கேஜை எழுதியவர் வேறு, ஒருவருக்காக மற்றவர் பேச விதியில் இடமில்லை என்று டாக்டர் பென்ஹாலோ பொறுமையாக விளக்கினார். எழுதியவருக்கு முறைப்படி நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அவர் பதில் போடப் பதினாலு வேலை நாள் ஆகும். அனுப்பினார். நோலீனின் கைப்பைக்குள் போன் மணி அடித்தது. அவள் எடுத்து, 'ஆமாம், நான்தான், எதிரே உட்கார்ந்திருக்கிறேன்' என்று பதில் அனுப்பினாள். டாக்டர் பென்ஹாலோ திரையைப் பார்த்து அசந்துபோனார். இத்தனை சீக்கிரம் பதில் சொன்ன ஒருவர் அறக்கட்டளையின் சரித்திரத்திலேயே கிடையாது, இந்த ஹாகர்ட்டுக்கு வருஷ விழாவில் விருது கொடுக்கப் பரிந்துரைக்கிறேன் என்றார். ஆனாலும் அதே ஹாகர்ட் ஒரே பாடம் படித்தவர் என்பதால் நோலீனின் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது என்றும் சொன்னார்.

நோலீன் ஸ்லைஸ் தட்டைத் தள்ளி வைத்தாள். தவளைக்கும் சூரியனுக்கும் நடுவில் தன் முதல் பாடம் எப்படி வந்து உட்கார்ந்தது என்று கேட்டாள்.

"எல்லாத்துக்கும் அடியில அதுதான் இருக்கு," என்றாள் ப்ரான்வின். "பாதுகாப்புச் சோதனை. நாப்பத்தோராயிரம் பேக்கேஜ் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் தினம் நாங்க கேள்வி அனுப்பறோம், இது பத்திரமானதா இல்லையான்னு. இன்னிவரைக்கும் ஒரு தடவகூட இல்லைன்னு பதில் வந்ததில்ல. உலகத்துல வேற எந்த மொழியும் இப்படிச் சொல்லிக்க முடியாது."

"பதில் யார் சொல்றா?"

"பதில் சொல்ற பகுதிய நாங்களே எழுதறதாத்தான் இருந்தோம். அதுக்குள்ள உங்க ஊர்லேர்ந்து யாரோ 'கவலையில்லை'ன்னு பதில் சொல்ற பேக்கேஜை வெளியிட்டுட்டாங்க. எங்களுக்கு வேண்டிய பதிலும் அதேதான். விதி நாலு இருக்கே, நாங்க மறுபடி எழுத முடியாதில்ல."

கீழே பல் டாக்டரின் இயந்திரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. நோலீன் தினமும் காலையில் நாற்பது பிள்ளைகள் ஏறுவதற்கு முன்னால் பஸ்ஸைச் சுற்றி நடந்து, ஆறு டயரையும் காலால் உதைத்துப் பார்க்கிறவள். மழை பெய்தாலும் உதைப்பாள். நாற்பத்தோராயிரம் பேக்கேஜும், அவற்றை நம்பி வேலை பார்க்கும் மனிதர்களும், தான் ஒரு திங்கட்கிழமை பொழுதுபோகாமல் எழுதிய ஒரு வரியின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு கூசியது. கிளப்பில் அவளைச் சந்தேகப்பட்டவர்களின் முகம் ஞாபகம் வந்தது. இவர்களுக்கு அவர்கள் எவ்வளவோ மேல் என்று தோன்றியது.

லேப்டாப்பைத் திறந்தாள். 'கவலையில்லை' என்பதை அழித்துவிட்டு, 'எனக்குத் தெரியாது, போய்ப் பாருங்க' என்று மாற்றி வெளியிட்டாள்.

ப்ரான்வினின் திரை மேலிருந்து கீழ்வரை சிவந்தது. நாற்பத்தோராயிரம் கேள்விக்கும் ஒரே பதில். பக்கத்து அறையில் பிரின்டர் ஓடாமல் நின்றுபோனது. மின்விசிறி தன் நிலைமையை யோசிப்பதுபோல மெதுவானது. அலுவலகக் கதவு எலக்ட்ரானிக் பூட்டு போட்டது. திறக்கலாமா என்று யாரோ அட்டையைக் காட்ட, எனக்குத் தெரியாது, போய்ப் பாருங்க என்று பூட்டின் மேல் எழுத்து ஓடியது. டாக்டர் பென்ஹாலோ உடனே போய்ப் பார்ப்பதற்கு ஒரு துணைக்குழு அமைத்தார். பதினாலு பேரில் போய்ப் பார்த்த முன் அனுபவம் உள்ளவர் ஒருவரும் இல்லை என்பதால் துணைக்குழு கூட முடியவில்லை. நோலீன் எழுந்து போய்க் கதவைப் பார்த்தாள். கைப்பிடியைத் திருகினாள். திறந்தது. பூட்டை யாரும் சுவரோடு இணைத்திருக்கவே இல்லை. ஸுக்கீனி ஸ்லைஸை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள், அவர்கள் எப்படியும் அதை வெட்டப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை, காலைச் சவாரிக்கும் மாலைச் சவாரிக்கும் நடுவே, டிப்போவில் நிறுத்திய பஸ்ஸின் பின் சீட்டில் உட்கார்ந்து அவள் நான்கு வரி எழுதினாள். பெயர்களை வரிசையாகக் காட்டு, கலை, ஒன்றை எடு, அதைப் படி. குவோல் ஓர் எச்சரிக்கை காட்டியது: விதி நான்கை மீறுகிறீர்கள், இது சரிதானா? அந்தக் கேள்விக்கும் அவள் பேக்கேஜே பதில் சொன்னது. போய்ப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது.

மாலை ஐந்தே முக்காலுக்கு கிளப்பில் வாளியைத் தன் முன்னால் வைத்துக்கொண்டு மறுபாதிச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர்களை லேப்டாப்பில் தட்டினாள். தட்டத் தட்ட அவள் முகம் மாறியது. பாதியில் ஒருமுறை நிறுத்தி, கவுன்ட்டர் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு தட்டிக்கொண்டே போனாள்.

ஆறு மணிக்கு லேப்டாப்பைப் பெரிய டிவியில் இணைத்தார்கள். கிரேம் இரண்டு தட்டோடு நின்றார். மாதக் கடைசி என்பதால் இரண்டு. நோலீன் பட்டனை அழுத்தினாள். பீப்பாய் உருளவில்லை, நிழல் விழவில்லை. பெயர்கள் வரிசையாக வந்தன, கலைந்தன, கடைசியில் ஒரு பெயர் மட்டும் தங்கியது. கெல்வின் ஹாகர்ட்.

கிரேமின் கழுத்து சிவந்தது.

"இது எப்படி நியாயம், நோலீன்? சொல்லு."

"உள்ள எல்லாம் தெரியற மாதிரி இருக்கணும்னுதானே தீர்மானம் போட்டீங்க. அங்கதான் இருக்கு. போய்ப் பாருங்க."

நோலீன் முழுப் பட்டியலையும் மறுபடி திரையில் போட, கிரேம் தட்டுகளை வைத்துவிட்டு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிவிக்குக் கிட்டே போனார். பெயர்ப் பட்டியலின் முதல் வரியில் விரலை வைத்தார். கெல்வின். அடுத்த வரி கெல்வின். அடுத்ததும் கெல்வின். பிறகு ஒரு டாம்ஸின். மறுபடி கெல்வின், கெல்வின், கெல்வின். விரல் கீழே இறங்க இறங்க கிளப்பே எழுந்து வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்று உரக்க எண்ணியது. எழுபத்திரண்டு சீட்டில் ஐம்பத்திரண்டு கெல்வினுடையது. ஒவ்வொரு பீருக்கும் இரண்டு சீட்டு, கவுன்ட்டரில் யார் நின்றாலும் இரண்டு சீட்டு என்று அவன் மாதக்கணக்காக வாங்கிக்கொண்டிருந்தது, விற்றவர்களில் ஒருவரும் மற்றவரிடம் சொல்லாததால் ஒருவருக்கும் தெரியவில்லை.

"ஏன்யா இத்தனை வாங்கற?" கிரேம் திரும்பினார். பதினொரு வருஷத்தில் கெல்வினிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"வேற எங்க போறது?" என்றான் கெல்வின். "ஊர்ல நல்ல கறி உன்கிட்ட மட்டும்தான் இருக்கு. உன் கடைக்கு நான் வரமாட்டேன்."

நோலீன் மைக்கை எடுத்துக்கொண்டாள். அடுத்த தட்டு என்றாள். ஜெயித்த சீட்டை நீக்கிவிட்டுப் பட்டனை அழுத்தினாள். பெயர்கள் வந்தன, கலைந்தன, ஒன்று தங்கியது. கெல்வின் ஹாகர்ட். இந்தத் தடவை நோலீனை ஒருவரும் பார்க்கவில்லை. மொத்த கிளப்பும் கிரேமைப் பார்த்தது.